ஆலிஸ் சில்ட்ரெஸ் பிராட்வேயை விட்டது பிடிவாதமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் சில்ட்ரெஸ் நடிகையா, நாடக ஆசிரியரா? நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயின் வாசல்வரை போன 'ட்ரபிள் இன் மைண்ட்' நாடகத்தைக் கடைசி நேரத்தில் கொடுக்க மறுத்தது வறட்டுப் பிடிவாதம்தானே? அவரை வாசிக்க எங்கே தொடங்கலாம்? இதில் நடுக் கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் பிராட்வேக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் என்று லொரெய்ன் ஹான்ஸ்பெரிக்குக் கிடைத்த பெயர் இவருக்குக் கிடைத்திருக்குமே என்ற ஆதங்கம் அதில் தெரிகிறது. கல்லூரியில் பல வருடம் அமெரிக்க நாடகம் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆனால் இது ஒரு வாசகனின் பதில். இவருடைய நாடகங்களைத் தொழில்முறை மேடையில் பார்த்தவன் இல்லை நான். வகுப்பில் மாணவர்களோடு உரக்கப் படித்துப் பார்த்ததுதான் எனக்குள்ள அனுபவம்.

முதல் கேள்வியையும் இரண்டாவதையும் பிரிக்கவே முடியாது என்பதுதான் என் கட்சி. நடிகையாக இருந்ததால்தான் அவர் அப்படி எழுதினார். நடிகையாக இருந்ததால்தான் அந்த நாடகத்தின் முடிவை மாற்றிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். 1916 என்று பலர் எழுதுகிறார்கள். 1912, 1920 என்று போட்ட புத்தகங்களும் உண்டு. பெற்றோர் பிரிந்த பிறகு நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி எலைசா அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைக் காட்டி, அவர்களைப் பற்றிக் கதை கட்டச் சொல்லிப் பேத்தியைப் பழக்கியவர். பாட்டி இறந்ததும் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் வீட்டு வேலை, விற்பனை, காப்பீட்டு முகவர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். இந்த வேலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுத்தில் அப்படியே வரும்.

1940-இல் ஹார்லெமில் ஏப்ரம் ஹில்லும் ஃப்ரெடெரிக் ஓநீலும் 'அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 135-ஆவது தெருவில் இருந்த பொது நூலகத்தின் அடித்தளம்தான் அவர்களுடைய அரங்கம். சிட்னி பாய்ட்டியே, ஹாரி பெலஃபான்டே, ரூபி டீ எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். சில்ட்ரெஸ் அங்கே பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். நடித்தார், இயக்கினார், மேடைக்குப் பின்னால் எல்லா வேலையும் பார்த்தார். 'அன்னா லுகாஸ்டா' என்ற நாடகம் 1944-இல் அந்த அடித்தளத்திலிருந்து பிராட்வேக்குப் போய் 957 காட்சிகள் ஓடியது. அதில் சில்ட்ரெஸும் நடித்தார். அதாவது எழுத்தாளராகத் தவறவிட்ட பிராட்வேயை நடிகையாக அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இந்த விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நாடகத்துக்காக அவர் பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்று எத்தனையோ அறிமுகக் குறிப்புகளில் இருக்கிறது. நீங்களும் உங்கள் கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். டோனி விருதே 1947-இல்தான் தொடங்கியது. நாடகம் வந்தது 1944-இல். பரிந்துரைப் பட்டியலை வெளியிடும் வழக்கம் அதற்கும் பல வருடம் கழித்துத்தான் வந்தது. ஆகவே அந்தச் செய்தியை நான் நம்புவதில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டு நிலைத்துவிட்ட செய்தி என்றுதான் படுகிறது. 1956-இல், பிராட்வேக்கு வெளியே நடக்கும் நாடகங்களுக்குத் தரும் ஓபி விருது வாங்கினார் என்பதையும் இதே கணக்கில்தான் வைப்பேன். பரவலாகச் சொல்கிறார்கள், சான்று போதாது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நடிகையாக அவருக்கு என்ன வேடம் கிடைத்தது? அந்தக் காலத்தில் கறுப்பின நடிகைக்கு என்ன கிடைக்குமோ அதுதான். வேலைக்காரி, வேலைக்காரியின் அக்கா, தோத்திரம் பாடி அழுகிற அம்மா. போதாக்குறைக்கு இவருடைய நிறம் கொஞ்சம் வெளுப்பு. வேலைக்காரி வேடத்துக்கு இது பொருந்தாது என்று அதையும் தட்டிக்கழித்தார்கள் என்பார்கள். வெள்ளையர் வேடத்தை எப்படியும் தரப்போவதில்லை. நடிப்பை ஏன் விட்டார் என்று கேட்டிருந்தீர்கள். ஒரேயடியாக விடவில்லை. ஆனால் நடிப்பதற்குத் தகுந்த வேடம் வேண்டுமென்றால் யாராவது எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் எழுதவில்லை என்றால் தானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் நாடகம் 'ஃப்ளோரன்ஸ்', 1949. ஓரங்க நாடகம். நல்ல நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுத முடியாது என்று நண்பர்கள் சொன்னதால் வீம்புக்கு ஒரே ராத்திரியில் எழுதியது என்று கதை உண்டு. கதை எப்படியோ, நாடகம் கச்சிதமானது. தென்பகுதியில் ஒரு சின்ன ஊர், ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை. வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பினத்தவருக்கு ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு கம்பித் தடுப்பு. நியூயார்க்கில் நடிகையாக முயன்று கஷ்டப்படும் மகளை ஊருக்குத் திரும்பக் கூட்டிவரப் புறப்படுகிறாள் ஒரு அம்மா. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டி பரிவாகப் பேச்சுக் கொடுக்கிறாள். தன் தம்பி எழுதிய நாவலைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள்: முழு வெள்ளையாகப் பிறக்கவில்லையே என்று கலப்பினப் பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொள்ளும் கதை. அம்மா விடவில்லை. அப்படியெல்லாம் யாரும் செத்துப்போவதில்லை, எனக்குத் தெரிந்தவர்களே இத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறாள். சீமாட்டிக்கு முகம் மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, உங்கள் மகளுக்கு நான் உதவுகிறேன், எனக்கு ஒரு நாடக இயக்குநரைத் தெரியும் என்கிறாள். அம்மாவுக்குக் கண்ணெல்லாம் நம்பிக்கை. கடைசியில் பார்த்தால், அந்த இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்த்துவிடத்தான் இந்த உதவி. அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடு என்கிறாள். பயணத்துக்கு வைத்திருந்த பணத்தை, முயற்சியை விடாதே என்று ஒரு வரி எழுதி மகளுக்கே அனுப்பிவிடுகிறாள். முழு நீளத்தில் எழுதியிருந்தால் இந்தக் கூர்மை வந்திருக்காது.

இதே ஆண்டுகளில் சங்க வேலையும் செய்தார். ஹார்லெம் மேடைகளில் நடிப்பவர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் சங்க விதிப்படி ஒப்பந்தமும் கூலியும் வாங்கித் தருவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1952-இல் வந்த 'கோல்ட் த்ரூ த ட்ரீஸ்' அமெரிக்காவில் தொழில்முறையாக மேடையேறிய, கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாடகங்களில் ஒன்று. முதலாவது என்றே பலர் எழுதுகிறார்கள். தொழில்முறை என்பதற்கு எதை அளவாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பாடகரும் நடிகருமான பால் ரோப்ஸன் நடத்திய 'ஃப்ரீடம்' பத்திரிகையில் மில்ட்ரெட் என்ற வீட்டு வேலைக்காரி தன் தோழியிடம் பேசுவதுபோலத் தொடர் எழுதினார். அதே பத்திரிகையில்தான் இளம் ஹான்ஸ்பெரியும் வேலை பார்த்தார். ஆகவே இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்திப் பார்ப்பது எனக்கு ஒப்பாது. இருவரும் சேர்ந்தே ஒரு மேடை நிகழ்ச்சி எழுதியிருக்கிறார்கள்.

இனி 'ட்ரபிள் இன் மைண்ட்'. 1955 நவம்பரில் நியூயார்க்கின் கிரீனிச் மியூஸ் என்ற சிறிய அரங்கில் வந்தது. 91 காட்சிகள் ஓடியது. களமே ஒரு நாடக ஒத்திகைதான். விலெட்டா மேயர் என்ற நடுவயது கறுப்பின நடிகை. வாழ்நாள் முழுக்க வேலைக்காரி வேடம் போட்டவள். பிராட்வேக்குப் போகப்போகும் ஒரு நாடகத்தில் அவளுக்கு முக்கியமான வேடம். எழுதியவர் வெள்ளையர், இயக்குநர் ஆல் மேனர்ஸ் வெள்ளையர். கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கும்பல் கொலையைக் கண்டிக்கும் முற்போக்கான நாடகம் என்று அவர்களுக்குப் பெருமை.

முதல் காட்சியில் விலெட்டா, புதிதாக வந்திருக்கும் ஜான் என்ற இளைஞனுக்குத் தொழில் சொல்லித் தருகிறாள். அனுபவம் இருக்கிறதா என்று கேட்டால் 'போர்கி அண்ட் பெஸ்' என்ற கறுப்பினத்தவர் நடிக்கும் இசை நாடகத்தின் மறுதயாரிப்பில் இருந்தேன் என்று சொல்லிவிடு. அவர்கள் என்ன சொன்னாலும் சிரி. நாடகம் பிடித்திருக்கிறதா என்றால் ஆஹா என்று சொல், வாதம் பண்ணாதே. படித்த பையன் அவன், முகம் சுளிக்கிறான். படிக்கிறபோது இது நல்ல நகைச்சுவை. வகுப்பில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். இரண்டாம் அங்கத்துக்கு வரும்போது அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று தெரியும்.

கொஞ்ச நேரத்தில் இயக்குநர் ஒரு காகிதத்தைக் கசக்கித் தரையில் எறிந்து, விலெட்டாவிடம் அதை எடு என்கிறார். வேறு யாரோ எடுப்பார்கள் என்று அவள் நிற்கிறாள். நீதான் எடுக்க வேண்டும் என்று அதட்டுகிறார். நான் இங்கே பெருக்குகிற ஆளா என்று அவள் வெடிக்கிறாள். உடனே அவர் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்படுகிறார்: பார், இதுதான் உண்மையான உணர்ச்சி, இதைத்தான் நடிப்பில் கேட்டேன்! அவமானத்தைப் பயிற்சி என்று சொல்லி முடித்துவிடுகிறார். இப்படி ஒரு காட்சியை வெளியிலிருந்து பார்த்து எழுத முடியாது. ஒத்திகை அறையில் பல வருடம் நின்றவருக்குத்தான் இது தெரியும்.

உண்மை உணர்ச்சியைத் தேடு என்று அவர் சொல்லிச் சொல்லியே விலெட்டா உண்மையாக யோசிக்கத் தொடங்குகிறாள். அங்கேதான் சிக்கல். ஒத்திகை நாடகத்தில் அவள் ஒரு அம்மா. ஓட்டுப்போட முயன்ற மகனை ஒரு கும்பல் துரத்துகிறது. அம்மா அவனை ஒளித்துவைக்காமல், போய்ச் சரணடை என்று அனுப்புகிறாள், அவன் கொல்லப்படுகிறான். எந்த அம்மா இப்படிச் செய்வாள், இவள் ஏன் செய்கிறாள் என்று விலெட்டா கேட்கிறாள். இயக்குநரிடம் பதில் இல்லை. மழுப்புகிறார், கொஞ்சுகிறார், மிரட்டுகிறார். கடைசியில், உங்கள் மகனாக இருந்தால் அனுப்புவீர்களா என்று அவள் நெருக்கும்போது, உன் மகனும் என் மகனும் ஒன்றா என்ற பொருளில் வாய்விட்டுவிடுகிறார். முற்போக்குப் பேச்சு எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துபோகிறது. இதற்கு நடுவில் ஷெல்டன் என்ற வயதான நடிகர் வருகிறார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர், எல்லோரும் கோமாளியாக நடத்துகிறவர். கும்பல் கொலையைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கும் அந்த அறையில் அதைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் சின்னப் பையனாக இருந்தபோது. அவர் சொல்லி முடித்ததும் அறையில் யாருக்கும் வாய் வராது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1955-இலேயே தயாரிப்பாளர்கள் இந்த முடிவு கசப்பாக இருக்கிறது என்று சொல்லி, எல்லோரும் சமாதானமாகிற மாதிரி மாற்றச் சொன்னார்கள். சில்ட்ரெஸ் மாற்றினார். ஆம், ஒருமுறை விட்டுக்கொடுத்தார். மேடையில் அப்படித்தான் போனது. பின்னர் அதற்காக வருந்தி, விலெட்டா வேலையை இழக்கப்போகிற நிலையில் நிற்கும் முடிவையே அச்சில் கொண்டுவந்தார். நாடகம் நன்றாக ஓடியதால் பிராட்வே தயாரிப்பாளர்கள் உரிமை வாங்கினார்கள். 1957-இல் வரவேண்டும் என்பது ஏற்பாடு. தலைப்பை மாற்றச் சொன்னார்கள், காட்சிகளை மாற்றச் சொன்னார்கள், வெள்ளைப் பார்வையாளர்கள் நோகாதபடி மென்மையாக்கச் சொன்னார்கள். அவர் ஒரே பேச்சில் கதவைச் சாத்தவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் திருத்தித் திருத்திக் கொடுத்தார். கடைசியில், இனி இது என் நாடகமே இல்லை என்ற நிலை வந்ததும் நிறுத்திக்கொண்டார். 1959 மார்ச்சில் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்ஸின் இன் த சன்' பிராட்வேக்கு வந்தது. அங்கே வந்த முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் என்ற பெயர் அவருக்குப் போனது.

இதைப் பிடிவாதம் என்று சொல்லலாமா? நாடகம் எதைப் பற்றியது என்று பாருங்கள். வெள்ளைப் பார்வையாளருக்காகப் பொய்யாக்கிய ஒரு நாடகத்தில் நடிக்க மறுக்கும் நடிகையின் கதை. அதையே வெள்ளைப் பார்வையாளருக்காகப் பொய்யாக்கித் தா என்கிறார்கள். கொடுத்திருந்தால் விலெட்டா மேடையில் கேட்கிற கேள்விக்கு எழுதியவரே எதிர்சாட்சி ஆகியிருப்பார். இரண்டு வருடம் இழுத்துப் பார்த்த பிறகு நிறுத்தியவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் அதற்கான விலை சின்னது என்றும் சொல்ல மாட்டேன். பணம், பெயர், அடுத்தடுத்த வாய்ப்பு எல்லாம் போனது. நாடகம் பிராட்வேக்கு வந்தது 2021 நவம்பரில், சார்ல்ஸ் ராண்டால்ஃப்-ரைட் இயக்கத்தில், லஷான்ஸ் விலெட்டாவாக நடித்து. எழுதியவர் இறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமதமானாலும் நியாயம் கிடைத்தது என்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. நியாயம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது எனக்கு.

அதற்குப் பிறகான கதையிலும் இதேதான். 'வெட்டிங் பேண்ட்' 1918-இல் தென் கரோலினாவில் நடக்கிறது. ஜூலியா தையல்காரி, கறுப்பினத்தவள். ஹெர்மன் ரொட்டிக்கடைக்காரர், வெள்ளையர். பத்து வருட உறவு, ஆனால் சட்டப்படி மணக்க முடியாது. அந்த ஆண்டின் விஷக்காய்ச்சல் ஹெர்மனைப் பிடிக்கும்போது, அவரை மருத்துவரிடம் காட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் நிலை. 1966-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேடையேறிய இது நியூயார்க்குக்கு வர 1972 ஆனது. ஜோசஃப் பாப்பின் பப்ளிக் தியேட்டரில், ரூபி டீ நடிக்க, சில்ட்ரெஸும் பாப்பும் இயக்கினார்கள். 1974-இல் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது சில நிலையங்கள் போட மறுத்தன. தென் கரோலினா தன் அரசமைப்பிலிருந்து கலப்புமணத் தடை வாசகத்தை நீக்கியது 1998-இல். சில்ட்ரெஸ் 1994-லேயே இறந்துவிட்டார்.

1973-இல் வந்த இளையோர் நாவல் 'எ ஹீரோ எய்ன்ட் நத்திங் பட் எ சாண்ட்விச்' ஹெராயினில் சிக்கும் 13 வயதுப் பையனைப் பற்றியது. நியூயார்க் அருகே ஒரு பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து அகற்றிய புத்தகங்களில் இதுவும் ஒன்று. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1982-இல் முடிந்தது.

ஆனால் நீதிமன்றம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இன்னொரு வழக்கு. நாடகக்காரர்களைவிட வக்கீல்களுக்குத்தான் இதை நன்றாகத் தெரியும். 1955-இல் விலெட்டாவாக நடித்தவர் கிளாரிஸ் டெய்லர். பழைய ஹார்லெம் குழுவிலிருந்து வந்த தோழி, பின்னாளில் 'த காஸ்பி ஷோ' தொலைக்காட்சித் தொடரில் பாட்டியாக வந்தவர். 1980-களில் 'மாம்ஸ்' மேப்லி என்ற நகைச்சுவை நடிகையைப் பற்றி நாடகம் எழுதச் சொல்லிச் சில்ட்ரெஸை அணுகினார் அவர். தகவல் திரட்டித் தந்தார், யோசனைகளும் சொன்னார். நாடகம் வந்தது. உரிமை பற்றிய ஒப்பந்தம் படியவில்லை. டெய்லர் வேறொருவரை வைத்து நாடகத்தைத் திருத்தி மேடையேற்றினார். சில்ட்ரெஸ் வழக்குப் போட்டார். நானும் கூட்டாசிரியர்தானே என்பது டெய்லரின் வாதம். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில்ட்ரெஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது: யோசனையும் தகவலும் தந்தால் மட்டும் ஒருவர் கூட்டாசிரியர் ஆகிவிட முடியாது, இருவரும் கூட்டாசிரியர்களாக இருக்க எண்ணியிருக்க வேண்டும், இருவருடைய பங்கும் தனித்தனியே பதிப்புரிமை பெறத்தக்கதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பதிப்புரிமை படிக்கிறவர்கள் இன்றும் 'சில்ட்ரெஸ் எதிர் டெய்லர்' படிக்கிறார்கள். ஒரு நடிகைக்கு நல்ல வேடம் கிடைக்காத காலத்தில் தனக்கான வேடத்தைத் தேடி டெய்லர் இறங்கியதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். சில்ட்ரெஸும் ஒரு காலத்தில் அதே தேடலில்தான் எழுதவே தொடங்கினார். தான் எழுதியது தன் பெயரில், தான் எழுதியபடி நிற்க வேண்டும் என்பதில் 1957-இல் எப்படி இருந்தாரோ அப்படியே 75 வயதை ஒட்டியும் இருந்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கே தொடங்கலாம் என்றால், 'ஃப்ளோரன்ஸ்'. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அடுத்து மில்ட்ரெட் தொடர், 'லைக் ஒன் ஆஃப் த ஃபேமிலி' என்று 1956-இல் புத்தகமாக வந்தது. எங்கள் வீட்டு ஆள் மாதிரிதான் இவள் என்று முதலாளியம்மா விருந்தாளியிடம் சொல்லக் கேட்டு மில்ட்ரெட் அந்த அம்மாவை உட்காரவைத்துப் பேசுகிற முதல் பகுதியை மட்டுமாவது படியுங்கள். அப்புறம் 'ட்ரபிள் இன் மைண்ட்'. வாங்கும்போது எந்த முடிவுள்ள பதிப்பு என்று பாருங்கள். அரங்கில் விலெட்டாவும் வயதான காவலர் ஹென்றியும் மட்டும் மிஞ்ச, அவள் 133-ஆம் சங்கீதத்தைச் சொல்லி முடிப்பதாக இருந்தால் அதுதான் அவர் நிலைநிறுத்திய முடிவு. 'வெட்டிங் பேண்ட்' கடைசியில். இரண்டு பேராகச் சேர்ந்து உரக்கப் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இவர் வசனங்களை எழுதியது வாயால் சொல்லிப் பார்க்கிறவர்களுக்காக.